ஆறாவது இடம் யாருக்கு: கோல்காரனா, நிதானக்காரரா, பதினெட்டு வயதுப் பெடியனா?

எங்கள் ஐஸ் ஹொக்கி கற்பனை லீக்கில் பத்துப் பேர். ரொறன்ரோச் சுற்றுவட்டாரத்தில் ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கத்து ஆட்கள். பாதிப் பேர் சொந்தம், மீதிப் பேர் சொந்தம் மாதிரி. ஆளுக்கொரு கற்பனை அணி. என்.எச்.எல். என்ற வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கின் வீரர்களைப் பங்குபோட்டு எடுப்போம். அவர்கள் உண்மையான ஆட்டத்தில் எடுக்கும் புள்ளிகள் எங்கள் கணக்கில் ஏறும். கோல் அடித்தால் ஒரு புள்ளி, அந்தக் கோலுக்குப் ‘பக்’ என்ற ரப்பர் வட்டைக் கொடுத்தவருக்கும் ஒரு புள்ளி. பருவம் முடிந்ததும் ஆறு பேரை மட்டும் அடுத்த ஆண்டுக்கு வைத்திருக்கலாம். மற்றவர்கள் பொதுக் கூடைக்குப் போய்விடுவார்கள்.

ஐந்து பெயரை ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். ஆறாவதுதான் இரண்டு கிழமையாக இழுபடுகிறது. மூன்று பேர் கையில் இருக்கிறார்கள். ஒருவர், போன பருவத்தில் ஒருவரும் எதிர்பாராத அளவுக்குக் கோல் அடித்துத் தள்ளிய 24 வயதுக்காரர். இரண்டாமவர் முப்பதைத் தாண்டியவர்; ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே புள்ளியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார், அவரைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. மூன்றாமவர் இந்தக் கோடையில் டிராஃப்டில், அதாவது என்.எச்.எல். அணிகள் இளம் வீரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், எடுபட்ட 18 வயதுப் பெடியன். பெயர்களைச் சொல்லப்போவதில்லை. அத்தான் இதை வாசிப்பார், அவரும் எங்கள் லீக்கில்தான் இருக்கிறார்.

மூவரையும் ஒரே அளவுகோலில் நிறுத்தினால் குழப்பம்தான் மிஞ்சும். அதனால் முன்பு இதே மாதிரி நின்ற ஆட்களை எடுத்துப் பார்த்தேன்.

முதலில் கோல்காரன். இவரை வைத்திருக்கச் சொல்லித்தான் எல்லாரும் சொல்கிறார்கள், அதனாலேயே எனக்குச் சந்தேகம். என்.எச்.எல்.லில் முன்கள வீரர் ஒருவர் குறிக்கு அடிக்கும் நூறு அடிகளில் ஏறத்தாழப் பத்துத்தான் கோலாகும். நல்ல கை உள்ளவர் என்றால் 14, 15 வரை நீண்ட காலம் நிலைத்து நிற்பார். ஒருவர் ஒரு பருவம் முழுக்க 20ஐத் தாண்டி ஓடுகிறார் என்றால் கையும் நன்றாக இருக்கிறது, காலமும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கை அடுத்த ஆண்டும் கூட வரும். காலம் வருமா என்பதுதான் கேள்வி.

வில்லியம் கார்ல்சனை எடுங்கள். கொலம்பஸ் அணியில் ஒரு பருவத்தில் 9 கோல், அடுத்ததில் 6. 2017இல் வேகாஸ் புதிதாக அணி தொடங்கியபோது அங்கே போனார். 2017-18 பருவத்தில் 43 கோல். அந்த 43உம் வெறும் 184 அடிகளில் வந்தவை, அதாவது நூற்றுக்கு 23க்கு மேல். அந்தக் கோடையில் வேகாஸ் அவரோடு நீண்ட ஒப்பந்தம் போடவில்லை. ஓர் ஆண்டுக்கு மட்டும் 52.5 லட்சம் டொலர் கொடுத்துப் பொறுத்துப் பார்த்தது. 2018-19இல் 24 கோல் வந்தது. பிறகுதான் எட்டு ஆண்டு ஒப்பந்தம், ஆண்டுக்கு 59 லட்சம். 43 கோலின் சூடு ஆறாதபோதே எட்டு ஆண்டு எழுதியிருந்தால் அந்த விலைக்கு அவர் கிடைத்திருப்பாரா? கிடைத்திருக்க மாட்டார். இத்தனைக்கும் கார்ல்சன் மோசமான ஆள் இல்லை. இரண்டு பக்கமும் ஓடி விளையாடும் சென்டர் (நடு முன்கள வீரர்), 2023இல் லீக் கிண்ணமும் வென்றார். ஆனால் அவர் 43 கோல் ஆள் இல்லை, 20, 25 கோல் ஆள். வேகாஸ் அதைக் கண்டுகொண்டது.

கண்டுகொள்ளாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நைல் யாகுபொவ். 2012 டிராஃப்டில் முதல் ஆளாக எட்மன்ரன் எடுத்தவர். லொஸ் ஏஞ்சலிசுக்கு எதிராகக் கடைசி வினாடிகளில் சமன்செய்துவிட்டு, பனித்தளத்தின் நீளத்துக்கு முழங்காலில் சறுக்கிக்கொண்டு போனது நினைவிருக்கும். அந்த முதல் பருவம் அணி உரிமையாளர்களின் கதவடைப்பால் 48 ஆட்டமாகக் குறைந்திருந்தது. அதில் 17 கோல், புதுமுகங்களில் அதிகப் புள்ளி எடுத்த இருவரில் ஒருவர். எட்மன்ரனில் எல்லாரும் மகிழ்ந்து போனார்கள். ஆனால் அடியை எண்ணினால் 81தான். ஆட்டத்துக்கு இரண்டு அடிகூட இல்லை. 81 அடியில் 17 கோல் என்பது பந்தியில் முதல் கறியே நன்றாக அமைந்துவிட்ட மாதிரி, அடுத்ததும் அப்படியே வரும் என்று இலையைக் கழுவிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அடுத்த பருவம் 63 ஆட்டத்தில் 11 கோல். மொத்தம் 350 ஆட்டம், 62 கோலோடு என்.எச்.எல். கதை முடிந்துவிட்டது.

விதிவிலக்கும் உண்டு, மறைக்கக் கூடாது. சாம் ரைன்ஹார்ட் 2023-24இல் ஃபுளோரிடாவுக்கு 57 கோல் அடித்தார், 233 அடியில். அதற்கு முன் அவருடைய உச்சம் 33. நானும் இது விழும் என்று சொன்னேன். விழுந்ததுதான், ஆனால் 39இல் நின்றது. காரணம் தேடினால் விளங்கும். அவர் நிற்கும் இடம் வலைக்கு முன்னால், கோல்காப்பாளரின் மூச்சுப் படும் தூரம். 57இல் 27 கோல் பவர் பிளேயில், அதாவது எதிரணியில் ஓர் ஆள் குறைந்திருக்கும்போது வந்தவை. அந்த இடத்தில் அந்த அணி அவரைத் தொடர்ந்து நிறுத்துகிறது. அப்படிப்பட்டவருக்கு நூற்றுக்கு 24 நிலைக்காது, ஆனால் 10க்கும் இறங்காது.

ஆகவே என் கோல்காரனிடம் நான் கேட்கும் கேள்வி எத்தனை கோல் என்பதல்ல. எத்தனை அடி, எங்கிருந்து, பக்கத்தில் யார். என்னுடைய ஆள் ஓரத்திலிருந்து அடிப்பவர், அடியும் குறைவு. அவருடைய லைனில், அதாவது சேர்ந்து தளத்தில் இறங்கும் மூவரில், இருந்த நல்ல சென்டர் இந்தக் கோடையில் வேறு அணிக்குப் போய்விட்டார். பெயர் சொல்லாமலே இவ்வளவு சொல்லிவிட்டேன். அத்தான் கண்டுபிடித்துவிடுவார் போலிருக்கிறது.

இனி நிதானக்காரர். ‘கன்சிஸ்டன்ட்’ என்ற சொல்லை இந்த ஊரில் சாப்பாட்டுக்கு உப்புப் போடுகிற மாதிரிப் போடுகிறார்கள். அதன் பொருள் என்னவென்று ஒரு நாள் கடதாசியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒருவர் 82 ஆட்டத்தில் 60 புள்ளி எடுப்பவர், ஒரு நாளும் கூடக் குறைய இல்லாமல் அதே திறமையோடு விளையாடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சும்மா நிகழ்தகவுக் கணக்குப்படியே அவர் 40 ஆட்டம் அளவில் ஒரு புள்ளியும் இல்லாமல் வீட்டுக்குப் போவார். பருவத்துக்குச் சராசரியாக ஒரு தடவை ஐந்து ஆட்டம் தொடர்ந்து வெறுங்கை வரும். 30 கோல் அடிப்பவருக்கு இரண்டு பருவத்துக்கு ஒருமுறை என்ற கணக்கில் பத்து ஆட்டம் கோலே இல்லாமல் ஓடும். அந்த நேரத்தில் வானொலியைப் போட்டால் ‘அவருக்கு மனம் இல்லை, கால் ஓடவில்லை, பரிமாற்றம் செய்துவிட வேண்டும்’ என்று கதைப்பார்கள். ஆள் அதே ஆள்தான். நாணயம் ஐந்து தடவை பூ விழுந்திருக்கிறது, அவ்வளவே.

இதற்கு ரொறன்ரோவிலேயே நல்ல சாட்சி ஃபில் கெசல். இங்கே விளையாடிய ஆறு பருவத்தில் அவர் கோல்கள் 30, 32, 37, 20, 37, 25. நடுவில் வரும் 20, அந்த 48 ஆட்டப் பருவத்தில் அடித்தது. முழுப் பருவத்துக்கு நீட்டினால் அதுவும் 34 ஆகிறது. இதைவிட ஒழுங்கான வரிசையைக் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் நகரம் முழுக்க அவருக்கு வைத்த பெயர், அலைஅலையாக விளையாடுபவர், நம்ப முடியாதவர். உடம்பு அமைப்பும் முகபாவமும் ஒத்துழைக்கவில்லை என்பதுதான் உண்மை. 2015இல் பிட்ஸ்பர்க்குக்கு அனுப்பினார்கள். 2016இலும் 2017இலும் அங்கே கிண்ணம் தூக்கினார். 2009இல் ரொறன்ரோவிலேயே தொடங்கி, தொடர்ந்து 1064 ஆட்டம் ஒன்றையும் தவறவிடாமல் விளையாடி என்.எச்.எல். சாதனை வைத்தார். ‘நம்ப முடியாத’ ஆள்!

அப்படியானால் நிதானம் என்று ஒன்று இல்லையா? இருக்கிறது. ஆனால் அதைப் புள்ளிப் பட்டியலில் தேடக் கூடாது. ஒவ்வொரு இரவும் எத்தனை நிமிடம் தளத்தில் இருக்கிறார், முதலாவது பவர் பிளே அணியில் இடம் உண்டா, ஆட்டத்துக்கு எத்தனை அடி அடிக்கிறார் என்று பார்க்க வேண்டும். இந்த மூன்றும் கிழமைக்குக் கிழமை பெரிதாக ஆடாது. இவை ஆடத் தொடங்கினால்தான் கவலைப்பட வேண்டும். என் நிதானக்காரருக்குப் புள்ளி குறையவில்லை. ஆனால் போன பருவத்தின் பிற்பாதியில் அவரை இரண்டாவது பவர் பிளே அணிக்கு இறக்கிவிட்டார்கள். முன்கள வீரர்கள் பெரும்பாலும் இருபதுகளின் நடுவில் உச்சம் தொட்டு, முப்பதுக்குப் பிறகு மெல்ல இறங்குகிறவர்கள். புள்ளிதான் கடைசியாக இறங்கும், நிமிடம் முதலில் இறங்கும். இவரைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கே மனம் இல்லை. நல்ல மனிதர், நான்கு ஆண்டு என்னைக் காப்பாற்றினார்.

பெடியனிடம் வருவோம், சிக்கல் அங்கேதான்.

2015 வசந்தத்தில் ஒஷாவாவுக்கு ஓர் ஆட்டம் பார்க்கப் போனோம். ஒன்ராறியோ ஜூனியர் லீக்கின் இறுதிச் சுற்று, ஒஷாவா ஜெனரல்சும் ஈரி ஒட்டர்சும். எல்லாரும் போனது கொனர் மக்டேவிட்டைப் பார்க்க. ஆனால் அந்தப் பருவத்தில் லீக்கின் அதிகப் புள்ளி எடுத்தவர் அவர் இல்லை. மக்டேவிட் கை முறிந்து கொஞ்ச நாள் வெளியே இருந்து, 47 ஆட்டத்தில் 120 எடுத்திருந்தார். முதலிடம் அதே ஈரியின் டிலான் ஸ்ட்ரோமுக்கு, 129. லண்டன் நைட்சின் மிட்ச் மார்னர் 126. கடைசி நாளில்தான் ஸ்ட்ரோம் மார்னரைத் தாண்டினார்.

இரண்டு கிழமை இல்லை, இரண்டு மாதத்துக்குள் இந்த இருவரில் யாரை எடுப்பது என்ற கேள்வி உண்மையான அணிகளுக்கு வந்தது. முதல் இரண்டு இடம் மக்டேவிட்டுக்கும் ஜாக் ஐக்கலுக்கும் என்று எப்போதோ முடிவான விஷயம். மூன்றாவது அரிசோனா, நான்காவது ரொறன்ரோ. ஸ்ட்ரோம் ஆறடி மூன்று அங்குலம், சென்டர். மார்னர் 160 இறாத்தல் வரக்கூடிய மெலிந்த விங்கர் (ஓர முன்கள வீரர்). அந்தக் காலத்தில் கடையில் இரண்டும் ஒரே விலை என்றால் உயரமான சென்டரைத்தான் எடுப்பார்கள், அரிசோனாவும் அதைத்தான் செய்தது. ரொறன்ரோவில் வீரர் தேர்வுக்குப் பொறுப்பாக அப்போது இருந்தவர் மார்க் ஹன்டர். அதற்கு முன் லண்டன் நைட்சை நடத்தியவர். மார்னரைச் சின்னப் பெடியனாக அணிக்கு எடுத்த காலத்திலிருந்து பார்த்தவர். அவருக்குப் பட்டியல் தேவைப்படவில்லை; ரொறன்ரோ மார்னரை எடுத்தது.

ஸ்ட்ரோம் அரிசோனாவில் மூன்று பருவமாகச் சேர்த்து 48 ஆட்டம், 16 புள்ளி. 2018 நவம்பரில் சிக்காகோவுக்குப் பரிமாற்றம். மார்னர் முதல் பருவத்திலேயே 61 புள்ளி; ரொறன்ரோவில் ஒன்பது பருவத்தில் 657 ஆட்டம், 741 புள்ளி.

ஜூனியரில் மூன்று புள்ளி வித்தியாசம், மேலே வந்ததும் இவ்வளவு வித்தியாசம் என்றால் என்ன நடந்தது? ஸ்ட்ரோம் மக்டேவிட்டின் நிழலில் புள்ளி சேர்த்தார் என்பது சோம்பேறி விடை. மக்டேவிட் இல்லாத ஆட்டங்களிலும் அந்த அணியைத் தாங்கியவர் அவர். உண்மையான விடை காலில் இருந்தது. ஸ்ட்ரோமின் கையும் கண்ணும் முதல் தரம், ஆனால் வேகம் எடுக்க அவருக்கு நேரம் வேண்டும். ஜூனியரில் அந்த நேரம் கிடைக்கும், என்.எச்.எல்.லில் கிடைக்காது. மார்னருக்கு அந்த நேரமே தேவைப்படாது, ஓடிக்கொண்டே யோசிப்பவர். பக் வரும் முன்பே தோளுக்கு மேலால் இரண்டு தடவை திரும்பிப் பார்த்திருப்பார். 17 வயதுப் பெடியன்களைப் பார்க்கப் போனால் நான் இப்போது முதலில் பார்ப்பது இதைத்தான். பக் காலடிக்கு வந்த பிறகு யோசிக்கிறானா, வருவதற்கு முன்பே யோசித்து முடித்துவிட்டானா? இது எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை, டிராஃப்டை உடனே தீர்ப்புச் சொல்பவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள். ஸ்ட்ரோம் சிக்காகோவில் சேர்ந்த அதே பருவத்தில் 58 ஆட்டத்தில் 51 புள்ளி எடுத்தார். 2022இல் சிக்காகோவும் கைவிட, வொஷிங்டன் மலிவு விலைக்கு எடுத்தது. 2024-25இல் அங்கே 82 புள்ளி. அவர் தோற்ற ஆள் இல்லை, தாமதமான ஆள். பொறுத்திருக்க அரிசோனாவுக்கு மனமில்லை. மார்னரோ எவ்வளவு எடுத்தும் பிளேஓஃப் (பருவத்துக்குப் பிந்திய கிண்ணச் சுற்று) தோல்விகளின் பழியைச் சுமந்துகொண்டு 2025 கோடையில் வேகாசுக்குப் போய்விட்டார். போன பிறகு இங்கே பலருக்கு நிம்மதி, எனக்கு இல்லை.

பொறுமைக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் நேதன் மக்கின்னன். 2013இல் முதலாவதாக எடுபட்டு, முதல் பருவத்தில் 63 புள்ளி. பிறகு 38, 52, 53. நான்காம் பருவத்தில் அவருடைய கொலராடோ அணி லீக்கிலேயே கடைசி. அவர் 16 கோல் மட்டும். அந்த நேரம் எங்கள் லீக்கில் அவரை வைத்திருந்தவர் ஒருவர் கூடைக்குள் விட்டுவிட்டார் (நான் இல்லை என்று சொல்ல ஆசை). ஆனால் அந்த 16 கோலுக்கு அவர் அடித்த அடி 251. முதல் பருவத்தில் அடித்ததைவிட அதிகம். கோல்தான் போகவில்லை, ஆட்டம் எங்கும் போகவில்லை. அடுத்த பருவம் 74 ஆட்டத்தில் 97 புள்ளி. யாகுபொவின் 81 அடியையும் மக்கின்னனின் 251 அடியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பாருங்கள். ஒருவர் 17 கோல், மற்றவர் 16 கோல். ஆட்ட எண்ணிக்கை வேறு என்பதைக் கழித்தாலும், யாரை வைத்திருக்க வேண்டும் என்று அந்த இரண்டு எண்ணும் அப்போதே சொல்லிக்கொண்டிருந்தன.

பிறந்த தேதியையும் பார்க்க வேண்டும். டிராஃப்டுக்கு வரம்பு செப்டம்பர் 15. ஒஸ்டன் மத்தியூஸ் 1997 செப்டம்பர் 17இல் பிறந்தவர். இரண்டு நாளால் 2015ஐத் தவறவிட்டு 2016இல்தான் வர முடிந்தது. அதாவது ஒரே டிராஃப்டில் நிற்கும் இருவருக்கு இடையே கிட்டத்தட்ட ஓர் ஆண்டு வித்தியாசம் இருக்கலாம். 17 வயதில் ஓர் ஆண்டு என்பது சின்ன விஷயமில்லை. முகத்தில் மயிர் முளைப்பதற்கும் முளைக்காததற்கும் இடைப்பட்ட தூரம். அதே புள்ளியை இளையவர் எடுத்திருந்தால் அதற்கு எடை கூட.

உடற்தகுதிச் சோதனையை நான் பெரிதாக எடுப்பதில்லை. 2014இல் சாம் பெனட்டால் அந்தச் சோதனையில் கம்பியைப் பிடித்து ஒரு தடவைகூட மேலே எழும்ப முடியவில்லை, ஊரே சிரித்தது. 2025இல் பிளேஓஃப் முழுக்கச் சிறந்த வீரர் என்ற விருதை வாங்கியவர் அவர்தான். கோல்காப்பாளர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பின்னாளில் லீக்கின் சிறந்த கோல்காப்பாளர்களான இருவரில், 2012 டிராஃப்டில் வசிலெவ்ஸ்கி 19ஆவது, ஹெலபக் 130ஆவது. 18 வயதில் கோல்காப்பாளரைக் கணிப்பவர் சாதகம் பார்க்கலாம், வருமானம் கூட.

என் பெடியன் ஓகஸ்டில் பிறந்தவன், தன் டிராஃப்டில் மிக இளையவர்களில் ஒருவன். உயரம் குறைவு. இரண்டு தடவை நேரில் போய்ப் பார்த்தேன். இரண்டாவது தடவை கோலும் இல்லை, புள்ளியும் இல்லை, ஆனால் பக் வரும் முன்பு தோளைத் திருப்பிப் பார்ப்பதை நிறுத்தவில்லை. இந்தப் பருவம் என்.எச்.எல்.லில் அவனுக்கு இடம் கிடைக்காமல் ஜூனியருக்குத் திருப்பி அனுப்பக்கூடும். அப்படியென்றால் என் ஆறாவது இடம் ஓர் ஆண்டு முழுக்க வெறும் நாற்காலி.

பரிசுக் காசை இந்த ஆண்டே பார்க்க வேண்டும் என்பவருக்கு நிதானக்காரர்தான் சரி, யோசிக்கவே தேவையில்லை. போன ஆண்டு நான் ஏழாவது வந்தேன், ஆகவே அந்த அவசரம் எனக்கு இல்லை. நிதானக்காரரைக் கூடையில் விட்டாலும் பிந்திய சுற்றில் திரும்ப எடுக்கலாம், அவர் பெயரைக் கேட்டு ஒருவரும் நாற்காலி நுனிக்கு வரமாட்டார்கள். கோல்காரனுக்கு இப்போதுதான் விலை உச்சம், ஒக்டோபர் முடிவில் அந்த விலை இருக்காது. பெடியனைக் கூடைக்குள் விட்டால் மட்டும் திரும்பக் கிடைக்கமாட்டான். ஆறாவது கோட்டில் பென்சிலால் அவன் பெயரை எழுதியிருக்கிறேன்.

சனிக்கிழமை இரவு 9 மணிக்குள் பட்டியலைக் கொடுக்க வேண்டும். கோல்காரனைக் கேட்டு அத்தான் நேற்றிலிருந்து மூன்று செய்தி அனுப்பிவிட்டார். மூன்றாவது செய்தியில் தன் இரண்டாம் சுற்று வாய்ப்பையும் சேர்த்துத் தருவதாகச் சொல்கிறார். இந்தக் கட்டுரையை ஞாயிற்றுக்கிழமைதான் வெளியே விடுவேன்.